பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கு: லேபர் ரூமில் எந்த மருந்துக்கு முதலிடம்?

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பிரசவமான பெண்ணுக்கு ரத்தப்போக்கைக் குறைக்க ஆக்ஸிடோசினை முந்தும் மருந்து இன்னும் வரவில்லை. விலை குறைவு, வேகம் அதிகம், சரியாகப் போட்டால் பக்கவிளைவு சொற்பம். ஆனால் இந்த முதலிடம் ஆம்பூல் என்ற கண்ணாடி மருந்துக் குப்பிக்கு மட்டும் உரியதல்ல, அதைக் குளிரில் வைத்திருக்கும் ஃப்ரிட்ஜுக்கும் சேர்த்துத்தான். ஃப்ரிட்ஜ் சரியில்லாத இடத்தில் அதே ஊசி இரண்டாம் இடத்துக்கோ மூன்றாம் இடத்துக்கோ இறங்கிவிடும். மருந்து வாங்கும் நர்சிங் ஹோம்கள் விலைப்பட்டியலில் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட இதில் காட்டுவதில்லை.

இங்கே எடைபோடுவது ஆறு மருந்துகளையும் ஓர் உபகரணத்தையும்: ஆக்ஸிடோசின், வெப்பம் தாங்கும் கார்பெட்டோசின், மிசோபிராஸ்டால், மெத்தர்ஜின், கார்போபிராஸ்ட், டிரானெக்ஸாமிக் ஆசிட், கூடவே ரத்தத்தை அளக்கும் பிளாஸ்டிக் விரிப்பு. மருந்துத் தட்டை நிரப்பிவைக்கும் ஸ்டாஃப் நர்சுகளையும் சிறிய மருத்துவமனை நடத்துபவர்களையும் மனதில் வைத்து எழுதியது. குடும்பத்தினருக்கான சங்கதி கடைசியில் இருக்கிறது.

மருந்துக்குள் போகுமுன் அது என்ன வேலை செய்யவேண்டும் என்பதைப் பார்த்துவிடலாம். நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு 500 முதல் 700 மி.லி. ரத்தம் போகிறது. நஞ்சுக்கொடி பிரிந்ததும் அது ஒட்டியிருந்த இடத்தில் ரத்தக்குழாய்கள் வாய் திறந்து நிற்கும். அந்தக் குழாய்களைச் சுற்றிக் குறுக்கும் நெடுக்குமாகத் தசைநார்கள் பின்னியிருக்கின்றன. அவை இறுகிக் குழாய்களை நெரித்தால்தான் ரத்தம் நிற்கும். பத்தில் ஏழு ரத்தப்போக்குக்குக் காரணம் இந்தத் தசை இறுகாமல் தளர்ந்து கிடப்பதுதான். மீதியில் கிழிசல் உண்டு, உள்ளே தங்கிய நஞ்சுத் துண்டு உண்டு, ரத்தம் உறையாத கோளாறும் உண்டு. மேலே சொன்ன ஆறில் ஐந்து மருந்துகள் தசையை இறுக்குபவை. டிரானெக்ஸாமிக் ஆசிட் மட்டும் வேறு சாதி: அது தசையைத் தொடாது, உறைந்த ரத்தம் கரையாமல் காக்கும். கிழிசலில் இருந்து ரத்தம் கொட்டும்போது எத்தனை ஆம்பூல் ஆக்ஸிடோசின் ஏற்றினாலும் நிற்காது, தையல் போட்டால்தான் நிற்கும். வயிற்றைத் தொட்டுப் பார்த்தால் கர்ப்பப்பை கல்லாக இறுகியிருக்கிறது, ரத்தமோ வந்துகொண்டிருக்கிறது என்றால் மருந்தைக் குறை சொல்லாமல் விளக்கைத் திருப்பிக் கிழிசலைத் தேடவேண்டும்.

ஆக்ஸிடோசின்

1953-ல் அமெரிக்க வேதியியலாளர் வின்சென்ட் டு விக்னோ இதைச் செயற்கையாகத் தயாரித்தார், 1955-ல் அதற்காக நோபல் பரிசும் பெற்றார். எழுபது ஆண்டுகள் தாண்டியும் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையில் இதுதான் முதல் மருந்து. தடுப்புக்கான அளவு 10 யூனிட். குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் தொடையில் தசை ஊசி. சில நிமிடங்களில் வேலையைத் தொடங்கி ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கும். தொப்புள்கொடியைத் தாமதித்துக் கிள்ளுவதற்கும் இதற்கும் மோதல் இல்லை, ஊசியைப் போட்டுவிட்டுக் கொடிக்காக இரண்டு மூன்று நிமிடம் காத்திருக்கலாம். போடுமுன் ஒரு கை வயிற்றில் வைத்து, உள்ளே இரண்டாவது குழந்தை இல்லை என்று உறுதிசெய்துகொள்வது கட்டாயம்.

தவறு நடக்கும் முதல் இடம் ஆம்பூலின் அளவு. நம் ஊரில் பரவலாகக் கிடைப்பது 1 மி.லி.யில் 5 யூனிட் உள்ள ஆம்பூல். அப்படியானால் தடுப்பு டோஸுக்கு இரண்டு ஆம்பூல் உடைக்கவேண்டும். அவசரத்தில் ஒன்றை மட்டும் உறிஞ்சிப் போட்டுவிட்டு, கேஸ் ஷீட்டில் முழு டோஸ் என்று எழுதிவிடுவது நடக்கிறது. 10 யூனிட் ஆம்பூலும் சந்தையில் இருப்பதால் கம்பெனி மாறும்போதெல்லாம் லேபிளைப் படித்தே ஆகவேண்டும். இரண்டு வகையையும் ஒரே பெட்டியில் கலந்து வைப்பதைவிட மோசமான பழக்கம் இல்லை.

இரண்டாவது இடம் ஐ.வி. ஏற்கெனவே கையில் வென்ஃப்ளான் (ரத்தக்குழாயில் செருகிய மெல்லிய குழாய்) இருந்தால் தசைக்குப் பதில் ரத்தக்குழாயிலேயே மெதுவாகக் கொடுக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் அதைத்தான் விரும்பத்தக்க வழி என்றது. ஆனால் அழுத்தம் முழுவதும் 'மெதுவாக' என்பதில் இருக்கிறது. 10 யூனிட்டை ஒரே தள்ளாகத் தள்ளினால் பி.பி. சரியும், பல்ஸ் எகிறும். ஏற்கெனவே ரத்தம் இழந்தவருக்கும் இதயக் கோளாறு உள்ளவருக்கும் அது உயிராபத்து. சிசேரியனில் மயக்க மருத்துவர்கள் 3 யூனிட்டைக்கூட அரை நிமிடத்துக்குக் குறையாமல் கொடுத்துவிட்டு, பிறகு டிரிப்ஸுக்குப் போவது இதனால்தான்.

ரத்தப்போக்கு தொடங்கிவிட்டால் கணக்கு வேறு. 1 லிட்டர் நார்மல் சலைனிலோ ஆர்.எல்.லிலோ (ரிங்கர் லாக்டேட்) 20 யூனிட் கலந்து வேகமாக விடவேண்டும். கட்டுக்குள் வந்ததும் இன்னொரு லிட்டரில் 20 யூனிட், நான்கு மணி நேரம் ஓடும்படி. ஆக்ஸிடோசின் கலந்த திரவம் 24 மணி நேரத்தில் 3 லிட்டரைத் தாண்டக்கூடாது. நம் வார்டில் தொங்குவது பெரும்பாலும் 500 மி.லி. பாட்டில், ஆகவே ஒரு பாட்டிலுக்கு 10 யூனிட்தான். புத்தகத்தில் 20 என்று படித்ததை அரை லிட்டரில் கலப்பது சகஜமான பிழை. இன்னொன்று, டெக்ஸ்ட்ரோஸ் பாட்டிலில் கலப்பது. ஆக்ஸிடோசின் சிறுநீரகத்தில் தண்ணீரைத் தேக்கும் குணம் கொண்டது. அதை உப்பில்லாத திரவத்தோடு லிட்டர் கணக்கில் ஏற்றினால் சோடியம் இறங்கி, தாய்க்குக் குழப்பமும் வலிப்பும் வரலாம்.

வலி வருவதற்காகப் பல மணி நேரம் ஆக்ஸிடோசின் டிரிப்ஸ் ஓடிய தாய் தனி ரகம். அந்தத் தசைக்கு இந்த மருந்து பழகிப்போயிருக்கும். பிரசவத்துக்குப் பிறகு அதே மருந்தைக் கொடுத்தால் மந்தமாகத்தான் கேட்கும். அவர்களுக்கு இரண்டாவது வரிசை மருந்தைக் கைக்கெட்டும் தூரத்தில் எடுத்துவைத்துக்கொண்டே பிரசவம் பார்ப்பது புத்திசாலித்தனம்.

இனி ஃப்ரிட்ஜ். ஆக்ஸிடோசின் 2 முதல் 8 டிகிரியில் இருக்கவேண்டும். சில கம்பெனிகளின் அட்டையில் 25 டிகிரிக்குக் கீழே வைத்தால் போதும் என்று அச்சாகியிருக்கும். அட்டை எதுவானாலும் 2-8 என்றே நடத்துங்கள் என்பதுதான் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் ஐ.நா. மக்கள்தொகை நிதியமும் சேர்ந்து 2019-ல் சொன்னது. வேலூரிலோ திருச்சியிலோ மே மாதத்தில் 25 டிகிரி அறை எங்கே இருக்கிறது? இதில் வம்பு என்னவென்றால், வெயிலில் வீரியம் இழந்த ஆக்ஸிடோசின் பார்க்கத் தெளிந்த நீராகவே இருக்கும். நிறம் மாறாது, கலங்காது. கர்ப்பப்பை இறுகாதபோதுதான் தெரியவரும், அப்போதும் பழி தாயின் உடம்பு மேல்தான் விழும்.

நடைமுறையில் என்ன செய்யலாம்? ஃப்ரிட்ஜின் நடுத்தட்டில் ஒரு டப்பாவில் வைப்பது. கதவில் வேண்டாம், திறக்கத் திறக்கச் சூடாகும். உறைபெட்டிக்கு அடியிலும் வேண்டாம், உறைந்தாலும் மருந்து வீண். தெர்மாமீட்டர் உள்ளேயே இருக்கட்டும், காலை மாலை இருமுறை குறித்துவைக்கட்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசிக்கான ஐ.எல்.ஆர். என்ற குளிர்பெட்டி இருந்தால், லேபர் ரூம் ஃப்ரிட்ஜ் பழுதாகும் நாளில் அதில் தனி டப்பா போட்டு வைக்க இடம் கேட்கலாம். அன்றைய ஷிப்டுக்கு வேண்டிய ஆம்பூலை மட்டும் ஐஸ் பேக் உள்ள சிறு பெட்டியில் வெளியே எடுக்கவேண்டும். காலையிலேயே சிரிஞ்சில் ஏற்றித் தட்டில் வைத்துவிடும் வழக்கத்தை இன்றோடு விட்டுவிடலாம்.

கொள்முதலில் ஒரு எச்சரிக்கை. பால் கறக்க மாடுகளுக்குப் போடும் தவறான வியாபாரம் இந்த மருந்தை நிழல்போலத் தொடர்கிறது. அதைக் காரணம் காட்டி மத்திய அரசு 2018-ல் தனியார் தயாரிப்புக்குத் தடை விதித்து, கர்நாடகா ஆன்டிபயாடிக்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் மட்டும் தயாரிக்கட்டும் என்றது. அந்த ஆண்டு டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் தடையை ரத்துசெய்தது. நல்ல தீர்ப்பு, ஒரே தயாரிப்பாளரை நம்பித் தேசத்தின் லேபர் ரூம்கள் அத்தனையும் நிற்பது சூதாட்டம். ஆனால் பில் இல்லாத, பேட்ச் எண் மங்கிய சரக்கு எவ்வளவு மலிவாக வந்தாலும் வாங்கக்கூடாது.

குழந்தை பிறப்பதற்கு முன்பு, வலியைக் கூட்ட என்று சொல்லித் தசையில் இந்த ஊசியைப் போடும் இடங்கள் இன்னும் இருக்கின்றன. தசையில் போன மருந்தைத் திரும்ப எடுக்க முடியாது, குறைக்கவும் முடியாது. கர்ப்பப்பை வெடிக்கலாம், குழந்தைக்கு மூச்சு முட்டலாம். பிறப்புக்கு முன் என்றால் அளந்து விடும் டிரிப்ஸ் மட்டுமே, அதுவும் சிசேரியன் வசதியுள்ள இடத்தில்.

வெப்பம் தாங்கும் கார்பெட்டோசின்

ஃப்ரிட்ஜ் தொல்லைக்குப் பதிலாக வந்தது இது. ஆக்ஸிடோசினின் மூலக்கூறைச் சற்று மாற்றிச் செய்தது. ஆக்ஸிடோசினின் அரை ஆயுள் (உடலில் மருந்து பாதியாகக் குறையும் நேரம்) சில நிமிடக் கணக்கில் முடிந்துவிட, இதற்கு 40 நிமிடம். டோஸ் 100 மைக்ரோகிராம், ஒரே ஒரு முறை, தசையிலோ மெதுவாக ஐ.வி.யிலோ. 30 டிகிரியில் மூன்று ஆண்டும் 40 டிகிரியில் ஆறு மாதமும் வீரியம் குறையாமல் இருக்கும்படி ஃபெரிங் நிறுவனம் தயாரித்தது.

2018-ல் வெளியான சாம்பியன் ஆய்வில் இந்தியா உட்படப் பத்து நாடுகளில் 29,645 பெண்களுக்கு இதையும், முறையாகக் குளிரில் வைத்த ஆக்ஸிடோசினையும் ஒப்பிட்டார்கள். 500 மி.லி. ரத்தம் போனவர்கள் அல்லது கூடுதல் மருந்து தேவைப்பட்டவர்கள் கார்பெட்டோசினில் 14.5 சதவீதம், ஆக்ஸிடோசினில் 14.4. ஏறக்குறைய சமம். 1 லிட்டருக்கு மேல் இழந்தவர்கள் 1.51, 1.45 சதவீதம். இந்த இரண்டாவது கணக்கில் 'எந்த வகையிலும் குறைந்ததல்ல' என்று நிரூபிக்கும் அளவுக்கு எண்ணிக்கை போதவில்லை. ஆக, ஃப்ரிட்ஜ் நன்றாக ஓடும் மருத்துவமனை ஆக்ஸிடோசினைக் கைவிட்டு இதற்கு மாறவேண்டிய அவசியம் இல்லை. மின்சாரம் அடிக்கடி போகும் மலைப்பகுதி நிலையத்துக்கு இது வரம்.

குறைகள்: விலை ஆக்ஸிடோசினைவிட அதிகம். தடுப்புக்கு மட்டுமே இதைப் பரிந்துரைத்திருக்கிறார்கள், ரத்தப்போக்கு தொடங்கியபின் சிகிச்சையாகக் கொடுக்க அல்ல. வலி கூட்டவும் இதைத் தொடவே கூடாது, உள்ளே போனால் நிறுத்த வழியில்லை. கார்பெட்டோசின் வைத்திருப்பதால் ஃப்ரிட்ஜையும் ஆக்ஸிடோசினையும் அனுப்பிவிடலாம் என்று எண்ணினால், நிஜமாகவே ரத்தம் கொட்டும் அன்று கையில் ஒன்றும் இருக்காது. இன்னொரு கண்ணி: கார்பெட்டோசின் என்ற பெயரில் விற்பதெல்லாம் வெப்பம் தாங்குவதில்லை. பழைய தயாரிப்பு 2-8 டிகிரியில் வைக்கவேண்டியது. அட்டையில் சேமிப்பு வரியைப் படித்துவிட்டுப் பில் போடச் சொல்லுங்கள்.

மிசோபிராஸ்டால்

வயிற்றுப்புண்ணுக்காகப் பிறந்து பிரசவ அறைக்குக் குடிவந்த மாத்திரை. ஊசி போடத் தெரிந்தவர் இல்லை, ஃப்ரிட்ஜ் இல்லை என்னும் இடத்தில் இதற்கு நிகர் கிடையாது. தடுப்புக்கு 600 மைக்ரோகிராம், அதாவது 200 மைக்ரோகிராம் மாத்திரை மூன்று, குழந்தை பிறந்ததும் வாய் வழியே. சிகிச்சைக்கு 800, நான்கு மாத்திரை நாக்கின் அடியில். கரையும்வரை வைத்திருந்து, அரை மணியில் மிச்சம் இருந்தால் விழுங்கிவிடலாம். மலவாய் வழியே வைப்பது வார்டுகளில் பழக்கமாக இருக்கிறது, ஆனால் அப்படி வைத்தால் மருந்து ரத்தத்தில் ஏறுவது மெதுவாகவும் குறைவாகவும்தான். சுயநினைவு உள்ள தாய்க்கு நாக்கடியே மேல்.

பக்கத்து மாநிலத்திலேயே இதற்கு நல்ல சான்று உண்டு. கர்நாடகாவின் பெல்காம் மாவட்டக் கிராமங்களில் துணைச் செவிலியர்கள் பார்த்த 1,620 பிரசவங்களை வைத்து நடந்த ஆய்வு 2006-ல் வெளியானது. வெற்று மாத்திரை பெற்றவர்களில் 12 சதவீதம் பேருக்கு ரத்தப்போக்கு, மிசோபிராஸ்டால் பெற்றவர்களில் 6.4. அது ஒன்றுமே கொடுக்காததோடு ஒப்பிட்ட கணக்கு. நல்ல ஆக்ஸிடோசினோடு ஒப்பிட்டால் இது ஒரு படி கீழேதான், குளிரும் காய்ச்சலும் அதிகம். சிலருக்கு உடல் வெப்பம் 40 டிகிரியைத் தொடும். கிருமித்தொற்று என்று பயந்து ஆன்டிபயாடிக்கை மாற்றுமுன் மாத்திரை கொடுத்த நேரத்தைப் பார்க்கவேண்டும். பாராசிட்டமாலும் ஈரத்துணியும் போதும், சில மணியில் இறங்கிவிடும்.

ஆக்ஸிடோசின் ஓடிக்கொண்டிருக்கும்போதே 'இதுவும் இருக்கட்டும்' என்று மிசோபிராஸ்டாலைச் சேர்ப்பது நம் லேபர் ரூம்களின் ஆழ்ந்த நம்பிக்கை. 2010-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த பன்னாட்டு ஆய்வு இந்தச் சேர்க்கையைச் சோதித்தது. கூடுதல் பலன் இல்லை, நடுக்கமும் காய்ச்சலும்தான் கூடின.

வாங்கும்போது மாத்திரைப் பட்டையைப் பாருங்கள். இந்த மாத்திரைக்கு ஈரம் எமன். இரண்டு பக்கமும் அலுமினியம் உள்ள பட்டையில் இருந்தால் வாங்கலாம். ஒரு பக்கம் பிளாஸ்டிக் குமிழ் என்றால் கடலோர ஊர்க் காற்றில் மாதக்கணக்கில் நம்பி வைக்க முடியாது. பட்டையை வெட்டி ஒற்றை மாத்திரையாகப் பிரித்துவைப்பதும் தவறு, வெட்டு குமிழ்வரை போனால் காற்று புகும். கருக்கலைப்பு மாத்திரை என்ற முத்திரை விழுந்துவிட்டதால் மருந்துக்கடைகள் இருப்பு வைக்கத் தயங்குகின்றன. மருத்துவமனை நேரடியாக மொத்த விற்பனையாளரிடம் வாங்குவதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

மெத்தர்ஜினும் கார்போபிராஸ்டும்

இரண்டும் இரண்டாவது வரிசை, இரண்டுக்கும் 2-8 டிகிரி வேண்டும். மெத்தர்ஜின் 0.2 மி.கி. தசையில், தேவைப்பட்டால் 15 நிமிடம் கழித்து இன்னொரு முறை, பிறகு நான்கு மணிக்கொருமுறை, மொத்தம் ஐந்து டோஸ். வெளிச்சமும் படக்கூடாது, திரவம் நிறம் மாறியிருந்தால் குப்பைக்குப் போகட்டும். ரத்தக்கொதிப்போ இதயநோயோ உள்ளவர்களுக்குக் கூடவே கூடாது, பி.பி. ஒரேயடியாக ஏறி மூளையில் ரத்தம் கசியக்கூடும். எல்லோருக்கும் பழக்கத்தில் மெத்தர்ஜின் போடும் இடங்களில், கர்ப்பகாலம் முழுக்க பி.பி. சரியாக இருந்து பிரசவத்தின்போது ஏறியவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஊசிக்கு முன் ஒரு தடவை பி.பி. பார்க்க ஒரு நிமிடம் ஆகாது.

கார்போபிராஸ்ட் 250 மைக்ரோகிராம், ஆழத் தசையில், 15 நிமிடத்துக்கு ஒருமுறை, எட்டு டோஸ்வரை. வலுவான மருந்து, விலையும் கனம். ஆஸ்துமா உள்ளவருக்கு வேண்டாம், மூச்சுக்குழாயை இறுக்கிவிடும். ஐ.வி.யில் ஒருபோதும் செலுத்தக்கூடாது. வயிற்றுப்போக்கும் வாந்தியும் வரும், தாய்க்கு முன்கூட்டியே சொல்லிவிட்டால் பதறமாட்டார்.

டிரானெக்ஸாமிக் ஆசிட்

ஜப்பானின் உதாகோ ஒகமோட்டோவும் அவர் கணவர் ஷோசுகேவும் 1960-களில் தந்த மருந்து. பிரசவ ரத்தப்போக்கில் இது உயிர் காக்கும் என்பதைக் காட்ட 2017-ன் வுமன் ஆய்வு வரவேண்டியிருந்தது: 21 நாடுகள், 20,060 பெண்கள். பிரசவமாகி மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தவர்களில் ரத்தப்போக்கால் இறந்தவர்கள் 1.2 சதவீதம், கொடுக்காதவர்களில் 1.7. மூன்று மணியைத் தாண்டினால் பலன் இல்லை. தாமதிக்கும் ஒவ்வொரு 15 நிமிடத்துக்கும் பலனில் சுமார் பத்தில் ஒரு பங்கு கரைகிறது.

அந்த மூன்று மணி ரத்தம் கொட்டத் தொடங்கிய நேரத்தில் இருந்து அல்ல, குழந்தை பிறந்த நேரத்தில் இருந்து. வேறு ஊரில் பிரசவமாகி 108-ல் வருபவரின் சீட்டில் பிறந்த நேரம் எழுதியிருக்கவேண்டியது இதற்காகத்தான். டோஸ் 1 கிராம். நம் ஆம்பூல் 5 மி.லி.யில் 500 மி.கி., ஆகவே இரண்டு ஆம்பூல், 10 மி.லி., பத்து நிமிடத்தில், நிமிடத்துக்கு ஒரு மி.லி. வேகம். சிரிஞ்சோடு பத்து நிமிடம் நிற்க ஆள் இல்லையென்றால் 100 மி.லி. சலைனில் கலந்து பத்து நிமிடத்தில் இறக்கலாம். வேகமாகத் தள்ளினால் பி.பி. விழும். அரை மணி கழித்தும் நிற்கவில்லை, அல்லது 24 மணிக்குள் மறுபடி வந்தது என்றால் இன்னொரு கிராம். ரத்தம் ஏறும் அதே குழாயில் கலக்கவேண்டாம்.

ஒரு ஆம்பூலோடு நிறுத்திவிடுவதும், மற்ற எல்லா மருந்தும் தோற்றபிறகு கடைசியாக இதை எடுப்பதும்தான் அதிகம் காணும் பிழைகள். ஆக்ஸிடோசின் டிரிப்ஸ் தொங்கும்போதே இதுவும் போகவேண்டும். காரணம் தளர்ந்த தசையோ கிழிசலோ, இரண்டிலும் வேலை செய்யும். அறை வெப்பத்தில் வைக்கலாம், விலையும் மலிவு. ரத்தப்போக்குக்குப் பழக்கத்தில் எழுதப்படும் எத்தாம்சிலேட்டுக்கு இப்படிப்பட்ட சான்று இல்லை, உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலிலும் இல்லை. அந்தக் காசில் இதை ஓர் ஆம்பூல் கூடுதலாக வாங்கலாம்.

ஆனால் வைக்கும் இடம் முக்கியம். இதன் ஆம்பூல் பார்ப்பதற்கு முதுகில் போடும் மயக்கமருந்து ஆம்பூலைப் போலவே இருப்பதால், தவறுதலாக முதுகுத்தண்டில் செலுத்தப்பட்டு வலிப்பு வந்து பெண்கள் இறந்திருக்கிறார்கள். 2022-ல் உலக சுகாதார நிறுவனம் இதற்காகவே எச்சரிக்கை விட்டது. மயக்க மருத்துவரின் தட்டில் இது இருக்கவே கூடாது. தனி அலமாரி, வண்ண லேபிள்.

மருந்தைவிட முக்கியமான பிளாஸ்டிக் விரிப்பு

மருந்து தோற்பதைவிட மருந்து தாமதமாவதே அதிகம். கண்ணால் பார்த்துச் சொல்லும் கணக்கு எப்போதும் குறைவுதான். பெல்காம் ஆய்வுக் குழுவினரே அளவுக்கோடிட்ட விரிப்போடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, கண்மதிப்பு மூன்றில் ஒரு பங்கு குறைத்துக் காட்டியது. தாயின் இடுப்புக்கு அடியில் விரித்து, கீழே புனல்போல் பை தொங்கி, அதில் 300, 500 என்று கோடு போட்ட விரிப்பு இது. குழந்தை பிறந்து பனிக்குட நீர் வடிந்தபிறகே விரிக்கவேண்டும், இல்லாவிட்டால் நீரும் கணக்கில் சேரும். தட்டையான விரிப்பில் ரத்தம் மடிப்புகளில் தேங்கும், கோடு படிக்க முடியாது. புனல் வகையே வாங்கலாம். விரிப்பு தீர்ந்துவிட்டால் பேடுகளை எடைபோடுங்கள், காய்ந்த எடையைக் கழித்தால் 1 கிராம் கிட்டத்தட்ட 1 மி.லி.

2025-ல் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் புதிய வழிகாட்டி 500 மி.லி.வரை காத்திருக்கச் சொல்லவில்லை. 300 மி.லி. தாண்டி, கூடவே பல்ஸ் 100-க்கு மேல் அல்லது மேல் பி.பி. 100-க்குக் கீழ் என்று ஏதாவது ஒன்று பிசகினாலே சிகிச்சை தொடங்கவேண்டும். பல்ஸ் எண், மேல் பி.பி. எண்ணைத் தாண்டினால் அதுவே அபாய மணி. இளம் தாய்மாரின் உடம்பு பி.பி.யைக் கடைசிவரை பிடித்துவைக்கும், முதலில் ஏறுவது பல்ஸ்தான்.

விரிப்போடு சேர்த்து கர்ப்பப்பை மசாஜ், ஆக்ஸிடோசின், டிரானெக்ஸாமிக் ஆசிட், திரவம், பரிசோதனை ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாக அல்லாமல் ஒரே மூச்சில் செய்தால் என்ன ஆகும் என்று கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியாவில் 80 மருத்துவமனைகளில் பார்த்தார்கள். 2023-ல் வந்த முடிவு: கடும் ரத்தப்போக்கு, அதற்கான வயிற்று அறுவை, மரணம் ஆகிய மூன்றையும் சேர்த்த கணக்கு 4.3 சதவீதத்தில் இருந்து 1.6-க்கு இறங்கியது. புதிய மருந்து எதுவும் சேர்க்கவில்லை. சிறுநீர்ப்பையைக் காலிசெய்வதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள், நிரம்பிய பை கர்ப்பப்பையை இறுகவிடாது.

இருப்பு எவ்வளவு வைப்பது? மோசமான ஒரு கேஸுக்குக் கணக்குப் போட்டால்: தடுப்பு 10 யூனிட், சிகிச்சை 20, தொடர்ச்சி 20. ஆக 5 யூனிட் ஆக்ஸிடோசின் ஆம்பூல் பத்து. டிரானெக்ஸாமிக் ஆசிட் ஆம்பூல் நான்கு. மிசோபிராஸ்டால் நான்கு மாத்திரை. மெத்தர்ஜினும் கார்போபிராஸ்டும் இரண்டிரண்டாவது, மேல் மருத்துவமனை தொலைவு என்றால் கூடுதலாக. ஒரே இரவில் இரண்டு கேஸ் வரும் என்று எண்ணி இரட்டிப்பாக வைப்பதே சரி. காலாவதித் தேதி நெருங்கியவை முன்வரிசையில் இருக்கட்டும்.

குடும்பத்தினர் இந்தப் பெயர்களை மனப்பாடம் செய்யவேண்டியதில்லை. ஆனால் அட்மிஷனின்போது மூன்றைச் சொல்லியே ஆகவேண்டும்: பி.பி. இருந்ததா, ஆஸ்துமா உண்டா, முந்தைய பிரசவத்தில் ரத்தம் அதிகம் போனதா. ரத்த வகையும் ஹீமோகுளோபின் அளவும் கையில் இருக்கட்டும். ஹீமோகுளோபின் 7 உள்ளவருக்கு அரை லிட்டர் இழப்பே பெரிய இழப்பு. பிரசவமான முதல் இரண்டு மணி நேரம் கால்மணிக்கொருமுறை நர்ஸ் வந்து வயிற்றை அமுக்கிப் பார்ப்பது தொந்தரவுக்காக அல்ல, கர்ப்பப்பை இறுகியிருக்கிறதா என்று பார்க்கத்தான். பேடு ஐந்து நிமிடத்தில் நனைந்தால், தாய்க்குத் தலை சுற்றினால், உடல் வியர்த்துக் குளிர்ந்தால், காத்திருக்காமல் கூப்பிடுங்கள்.

டிஸ்சார்ஜ் சீட்டில் சிலருக்கு மெத்தர்ஜின் மாத்திரை எழுதித் தருகிறார்கள். ரத்தப்போக்கு இயல்பாக இருக்கும் தாய்க்கு அது வழக்கத்துக்காக எழுதியதாகவே இருக்கும், பெரிய பலனில்லை. எதற்கு என்று டாக்டரிடம் கேட்கலாம், தவறில்லை. அமெரிக்காவில் இம்மருந்தோடு வரும் குறிப்பு, அதை உட்கொள்ளும் நாட்களிலும் கடைசி டோஸுக்குப் பின் 12 மணி நேரமும் தாய்ப்பால் கொடுக்கவேண்டாம் என்கிறது. பால் குடிக்கும் குழந்தை இருக்கும் வீட்டில் இதைக் கேட்காமல் மாத்திரையைத் தொடங்கவேண்டாம்.